கம்பெனித் தாளில் போட்ட கையெழுத்து

அக்கா,

இன்று காலை மகள் தன் கணினித் திரையைக் காட்டினாள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று நண்பர்களோடு சேர்ந்து அவள் எழுதும் மென்பொருள். அடியில் ஒரு கம்பெனியின் சின்னம். "ஸ்பான்சர் கிடைச்சிருக்கும்மா!" என்றாள். "எதிலயாவது கையெழுத்துப் போட்டியா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

எண்பதுகளில் ஈப்போவில், நம் தேவாலய மண்டபத்துப் பின்னறையில் உட்கார்ந்து நீங்கள் எழுதினீர்களே, தமிழில் தட்டச்சு செய்யும் அந்த நிரல்! பாட்டுத்தாள் அச்சிடத்தான் தொடங்கினீர்கள். பிறகு தைப்பிங்கிலிருந்தும் பாகான் செராயிலிருந்தும் ஆட்கள் நிரலைப் பிரதியெடுக்க வெற்று வட்டோடு வந்தார்கள். "சும்மா எடுத்துட்டுப் போங்க லா. தப்பு இருந்தா மட்டும் திருத்திக் கொண்டு வரணும்" என்பீர்கள். அதிகம் திருத்திக் கொண்டுவந்தவர் செமோர் அண்ணன், பக்கத்து ஊரான செமோரில் எஸ்டேட் பள்ளி வாத்தியார்.

கணினி விற்கும் கம்பெனி ஒன்று நமக்குப் புதுக் கணினி தர முன்வந்தது. பத்திரிகைக்காரர்களை அழைத்து விழா எடுப்பதாகவும் சொன்னது. கணினியை இறக்கிய மத்தியானம் மண்டபத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். தேவாலயத்துக்கு யார் எது கொடுத்தாலும், வாங்கியதற்குக் கையெழுத்துப் போடுவது நம் வழக்கம் அல்லவா? அவர்கள் நீட்டிய ஆங்கிலத் தாளிலும், நம் நிரல் குழுவின் செயலாளர் என்று, படிக்காமலே போட்டுவிட்டேன். பாவி நான்!

விழாவில் நிரலைத் திறந்தால், முதல் திரையில் கம்பெனிப் பெயர் மட்டும். இனி பிரதி வேண்டுமென்றால் தங்களிடம்தான் வாங்க வேண்டும் என்று மேனேஜர் அறிவித்தார். நீங்கள் அவரிடம் சண்டைக்குப் போனீர்கள். "நிரலோட உரிமைய உங்க ஆளே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு லா" என்று சிரித்தார். யார் என்று சொல்லவும் தாளைக் காட்டவும் மறுத்துவிட்டார்.

மறுநாள் எல்லாரையும் உட்காரவைத்து, கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டீர்கள். மேனேஜரோடு அடிக்கடி தேநீர் குடித்தவர் செமோர் அண்ணன். உங்கள் பார்வை அவர்மேல் போனது.

"நான் இல்லம்மா, சத்தியமா."

"இனிமே இங்க வராதீங்கண்ணே."

அவர் வட்டுகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். உண்மையைச் சொன்னால் என்னையும் அப்படியே அனுப்பிவிடுவீர்களோ என்ற பயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

கண்மூடும் முன் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "செமோர் அண்ணனப் பாத்தா, நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லிடு." தலையை ஆட்டினேன். அப்போதும் பயம்.

அண்ணனுக்கு வயதாகிவிட்டது, இன்னும் செமோரில்தான் இருக்கிறார். சந்தையில் தூரத்தில் அவரைக் கண்டாலே நான் வேறு பக்கம் திரும்பிவிடுகிறேன். நீங்கள் சொல்லியனுப்பிய மன்னிப்பு இன்னும் என்னிடமே இருக்கிறது. எந்த முகத்தோடு அதை அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன், அக்கா?