பாதி அகலம்

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

பார்சல் வந்தது. அண்ணி போட்ட முடிச்சை அவிழ்ப்பதற்குள் என் நகம் போயிற்று, அவளிடம் சொல்.

அப்பா சாகும் முன் ஏதோ பேசிவைத்தார் என்று கேள்விப்பட்டுத்தான் அந்த டேப்பை அனுப்பச் சொன்னேன். வந்ததில் பாட்டு மட்டும்தான் இருக்கிறது. “அப்பா எதுவும் பேசவில்லை, பாட்டுதான் பதிந்துவைத்திருந்தார்” என்று எழுதியிருக்கிறாய். எனக்கே காது குத்துகிறாயா? நானும் அவரும் ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில் சம்பளம் வாங்கியவர்கள். ரீல் சீக்கிரம் தீரும் என்று அவர் வீட்டில் எதையும் மெதுவான வேகத்தில்தான் பதிவார். அப்படிப் பதிந்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கும், இரைச்சலும் சேரும். இந்தப் பாட்டுகளோ பளிச்சென்று இருக்கின்றன. டேப்பை வேகமாக ஓட்டிப் பதிந்திருக்கிறார்கள். அது அப்பா இல்லை. நீதானே?

அவர் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவள் நான். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவே இல்லை. கடைசியில், “பொண்ணு எப்படி இருக்கா, ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லு” என்றாராம். அவர் போன பிறகுதான் அதை நீ சொன்னாய். எனக்கு ஒரு சந்தேகம். அவர் கூப்பிட்டபோதே சொல்லாமல் இருந்துவிட்டு, அது வெளியே வரக்கூடாது என்று இப்போது டேப்பில் அவர் பேசியதை அழித்துவிட்டாயோ?

உன் தங்கை

ஜூன் 13

அன்புத் தங்கச்சி,

சண்டைக்கோழி இன்னும் மாறவில்லை. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

ஆமாம், பாட்டைப் பதிந்தது நான்தான். அப்பா இருமிக்கொண்டே ஏதோ பேசியிருந்தார், ஒன்றும் புரியவில்லை. தெரியாமல் அதன்மேல் பதிந்துவிட்டேன். போனது போகட்டும் அம்மா. டேப்பைத் தூக்கிப் பரண்மேல் போடு.

அண்ணன்

ஜூன் 20

அண்ணா,

முதலில் பேசவே இல்லை என்றாய். இப்போது பேசினார், புரியவில்லை என்கிறாய். அடுத்த கடிதத்தில் எந்தக் கதை?

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அப்பா வைத்திருந்தது கூடத்தில் கழித்துக்கட்டிய பெரிய மிஷின். அது டேப்பின் முழு அகலத்திலும் பதியும். உன் சின்ன மிஷின் மேல்பாதியில் மட்டும்தான் பதியும், அழிப்பதும் அந்தப் பாதியைத்தான். கீழ்ப்பாதியில் அப்பா அப்படியே இருக்கிறார். நேற்று கூடத்து மிஷினில் போட்டுப் பார்த்தேன். பாட்டுக்கு அடியில் குருவிபோல ஒரு கீச்சுக் குரல். நீ பதிந்த வேகத்தில் ஓட்டினால் அவர் குரல் அப்படித்தானே கேட்கும்!

ஞாயிற்றுக்கிழமை வேகத்தைக் குறைத்துக் கீழ்ப்பாதியை மட்டும் கேட்கப்போகிறேன். அதற்குள் உண்மையை எழுது. இல்லையென்றால் உனக்கும் எனக்கும் இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தங்கை

ஜூன் 25

என் கண்ணு,

கேட்காதே. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். என்னைத் திருடன் என்று நினைத்துக்கொள், பேசாமல் இரு, பரவாயில்லை. அதை மட்டும் கேட்காதே.

அண்ணன்

ஜூலை 1

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நான் முந்தின நாளே கேட்டுவிட்டேன்.

“அவ பேரை இந்த வீட்டுல எடுக்காதே. நான் செத்தாலும் அவ வரக்கூடாது. நீ கூப்பிட்டா நீயும் எனக்குப் புள்ளை இல்லை.”

மெதுவான வேகம்தான், மங்கல்தான். ஆனாலும் ஒரு வார்த்தை தப்பவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் அழுதேன்.

இதைக் கேட்ட பிறகும் நீ என்னைக் கூப்பிட்டாய். சாவு வீட்டு வாசலில் தயங்கி நின்றவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் அவர் உடலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாய். சித்தப்பா முறைத்தபோது, “அப்பாதான் வரச் சொன்னார்” என்று சத்தமாகச் சொன்னாய். உன்னைப் போய் சந்தேகப்பட்டேனே, பாவி நான்.

டேப் முழுவதையும் அழித்துவிட்டேன், இந்தத் தடவை முழு அகலத்துக்கும். காலி டேப்பை இதோடு அனுப்பியிருக்கிறேன். என்னை வரச் சொன்னதாக அன்றைக்குச் சொன்னாயே, அதையே உன் குரலில் பதிந்து அனுப்பு. ரீல் தீர்ந்தால் தீரட்டும் அண்ணா, வேகமாகவே ஓட்டு.

உன் தங்கை