இனிஷியல் பெட்டி

ஜூலை 8, திங்கள்

காலையிலேயே வெயில், கூடவே புழுதிக் காற்று. லேப் ஜன்னலைச் சாத்தினால் வேர்வை, திறந்தால் கீபோர்டெல்லாம் மண்.

கம்ப்யூட்டர் டீச்சருக்குப் பிரசவ விடுப்பு. பதினோராம் வகுப்பு வெப் டிசைன் பாடம் என் தலையில். வரலாறு எடுப்பவளிடம் இதைத் தந்தால் எப்படி என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். "நீங்கதான் எந்நேரமும் போன்ல எதாச்சும் பாத்துக்கிட்டு இருக்கீக" என்றார். நான் பார்ப்பது கோலம்.

பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். எனக்கும் தெரியாது, சேர்ந்து படிப்போம். வகுப்புக்கு ஒரு வெப்சைட், ஆளுக்கொரு பக்கம். மொத்தம் 26. போட்டோ கூடாது, இது த.ஆ. உத்தரவு. அடுத்த வாரம் வெள்ளி, பெற்றோர் கூட்டத்தில் காட்ட வேண்டும்.

"உங்க பக்கம், உங்க இஷ்டம். பொய் மட்டும் எழுதக் கூடாது" என்றேன்.

வாங்க: தயிர், பென் டிரைவ், அம்மாவுக்கு முட்டித் தைலம்.

ஜூலை 10, புதன்

இன்று எல்லாம் நீலம். தலைப்புக்கு நீலம் கொடுத்தேன், நிறம் முடிகிற இடத்தில் டேகை மூட மறந்தேன், கடைசி வரி வரை ஓடிவிட்டது. முன் பெஞ்சு ஃபாத்திமா வந்து ஒரு சாய்கோடு போட்டாள். சரியாகிவிட்டது. வெட்கம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

மதியம் நானே ஒரு ஃபார்ம் செய்தேன்! பெயர், இனிஷியல், ஊர், பிடித்தது. நிரப்பி அனுப்பினால் அவரவர் பக்கத்தில் போய் உட்காரும். பாதிப் பேர் இனிஷியலை விட்டுவிட்டு அனுப்பினார்கள். எரிச்சல். அந்தப் பெட்டியில் 'ரிக்கொயர்ட்' என்று ஒரு சொல் சேர்த்தேன். காலியாக விட்டால் இனி ஃபார்ம் போகாது.

"இனிஷியல் இல்லாத பேரு பாதிப் பேரு" என்று வகுப்பில் சொன்னேன். சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் அம்மாவிடம் ஃபார்மைக் காட்டினேன். சீரியலில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

தைலம் மறந்தாச்சு.

ஜூலை 12, வெள்ளி

25 வந்துவிட்டது. கலைவாணி மட்டும் பாக்கி. ஒக்கூரில் இருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை. மற்ற எல்லாருடைய பக்கத்துக்கும் நிறம் பொருத்திக் கொடுத்தவள். அவளுடையது இல்லை.

"நெட் வரல டீச்சர்."

"மத்தவளுகளுக்கு மட்டும் வருதாக்கும்?" கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜூலை 15, திங்கள்

மேகம் மட்டும், மழை இல்லை.

சாப்பாட்டு இடைவேளையில் லேபில் கலைவாணி (க.வா.) தனியாக. என் ஃபார்ம் முன்னால். இனிஷியல் பெட்டி காலி. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு எழுத்துத்தானம்மா?"

மவுஸைத் தள்ளி வைத்தாள். பிறகு, "அப்பா எங்கள விட்டுட்டுச் சிங்கப்பூர் போயிட்டாக டீச்சர். வேற வீடு, வேற பிள்ளைக. அம்மாதான் முறுக்குக் கடையில வேல பாத்து எங்களப் பாக்குறாக."

"ரெஜிஸ்டர்ல இனிஷியல் இருக்கேம்மா" என்றேன், மடச்சி மாதிரி.

"அது நான் எழுதுனதில்ல டீச்சர். இது என் பக்கம்னு சொன்னீக. பொய் எழுதக் கூடாதுன்னும் சொன்னீக."

பாதிப் பேர் என்று நான் சொன்னபோது இவளும் சிரித்தாளா? பார்க்கவில்லை. அவள் தலையில் கை வைத்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

ஃபார்மில் அந்த 'ரிக்கொயர்ட்' சொல்லை எடுத்துவிட்டேன். ஆங்கிலத்தில் எட்டு எழுத்து. ஆனால் அது போதாது. எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

முதல் பீரியட். "இனிஷியல் பத்தி நான் சொன்னது தப்பு. பேரு தனியாவே முழுசுதான். போடணும்னு தோணுனா போடுங்க." க.வா. இருந்த பக்கம் பார்க்காமல் சொன்னேன். டீச்சர் 'தப்பு' என்று சொன்னால் பிள்ளைகளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரிவதில்லை.

பின் பெஞ்சில் இருந்து மீனாள், "அப்ப அம்மா எழுத்துப் போடலாமா டீச்சர்?"

"போடலாம்."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

சாயங்காலத்துக்குள் ஏழு பேர் மாற்றிவிட்டார்கள். ஃபாத்திமாவுக்கு மூன்று எழுத்து. அத்தாவுக்கு, அம்மாவுக்கு, வீட்டுப் பூனைக்கு. விட்டுவிட்டேன்.

க.வா. இன்னும் அனுப்பவில்லை.

ஜூலை 18, வியாழன்

க.வா. இன்று வரவில்லை. காய்ச்சலாம். எனக்கு என்னவோ என் மேல்தான் கோபம் என்று தோன்றுகிறது.

நாளை கூட்டம். 25 பக்கத்தோடு எப்படிக் காட்டுவது? நானே அவளுக்காக நிரப்பிவிடலாம் என்று கை போனது. எடுத்துக்கொண்டேன். அது அவள் பக்கம்.

ஆறு மணி. தோசை ஊற்றிக்கொண்டே போனைப் பார்த்தால் 26. அவள் அம்மா போனில் இருந்து அனுப்பியிருக்கிறாள். 'பா. கலைவாணி. ஊர்: ஒக்கூர். பிடித்தது: வெளிர் பச்சை.' அவள் அம்மா பெயர் பாண்டியம்மாள்.

அழுதுவிட்டேன். ஏன்டி அழுகிற என்று அம்மா கேட்டாள். சந்தோஷம்தான் என்றேன். தோசை கருகிவிட்டது.

ஜூலை 19, வெள்ளி

புரொஜெக்டர் அரை மணி நேரம் படுத்தியது. ஒயர் லூசாம்.

பாண்டியம்மாள் வேலையில் இருந்து நேராக வந்திருந்தார், எண்ணெய் வாசனையோடு. கதவை ஒட்டி நின்றவரைக் க.வா. கையைப் பிடித்து இழுத்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தார். முகத்தில் முதலில் வந்தது பயம்.

"சர்ட்டிபிகேட்டுக்கு எதும் சிக்கல் வராதுல்ல டீச்சர்?"

"வராதும்மா. அதுல இருக்குறது அப்படியேதான் இருக்கும். இது அவளாப் போட்டது."

மறுபடி பார்த்தார். விரலைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார், தொடவில்லை.

"இத வெளியூர்ல இருக்கவுகளும் பாக்கலாமா?"

"நெட் இருந்தா எங்க இருந்தும் பாக்கலாம்."

"சிங்கப்பூர்ல?"

"அங்கயும்."

க.வா. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாண்டியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "அப்பச் சரி" என்றார்.