சாமிக்குக் கொடுத்த அட்வான்ஸ்

திருப்பதி,
28.7.2001, சனிக்கிழமை.

அன்புள்ள குடிபாலாவுக்கு,

நகரி எழுதுகிறேன். ரூமில் ஊர்ப் பெயரைச் சொல்லித்தானே கூப்பிட்டுக்கொள்வோம், இப்போதும் அதுதான் வருகிறது. நலம், நலமறிய அவா என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. நான் நலமாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய், எங்கே இருக்கிறாய் என்று ஆறு மாதமாக யாருக்கும் தெரியவில்லை.

உன் கையில் இருப்பது ஜெராக்ஸ் காப்பி. அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே. பெங்களூர் மடிவாளா ரூமுக்கு நான் போட்ட கடிதங்கள் இரண்டும் 'ஆள் இல்லை' என்று திரும்பி வந்துவிட்டன. அதனால் இதை ஐந்து காப்பி எடுத்திருக்கிறேன். நீ ஒரு மாதம் வேலை பார்த்த கூரியர் ஆபீசுக்கு ஒன்று போகிறது. மெஜஸ்டிக் பக்கத்தில் ஒரு ஆந்திரா மெஸ்ஸில் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அங்கே ஒன்று. ரூம் ஓனருக்கு மறுபடியும் ஒன்று. மற்ற இரண்டையும் பெங்களூர் பஸ் ஓட்டுகிற சித்தூர் டிரைவர்களிடம் உன் போட்டோவோடு கொடுக்கப் போகிறேன். மலையில் மூன்று பேரும் எடுத்துக்கொண்டோமே, அதிலிருந்து வெட்டின போட்டோ. அதில் நீ மொட்டையாக இருக்கிறாய். யாருக்கு அடையாளம் தெரியப் போகிறது? ஆனால் என்னிடம் வேறு போட்டோ இல்லை.

ஜெராக்ஸ் எடுக்க எனக்கென்ன கஷ்டம், அந்தக் கடையில்தானே நிற்கிறேன். ஒருவன் ரெக்கார்டு நோட்டை இன்னொருவன் காப்பி எடுக்க வருவோமே, பஸ் ஸ்டாண்டு எதிரே, அதே கடை. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர்ஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ். காலையிலிருந்து அடுத்தவன் சர்டிபிகேட்டை மெஷினில் கவிழ்த்துக் கவிழ்த்து எடுத்துக் கொடுக்கிறேன். நகரியில் பவர்லூம் ஓட்டுகிற என் நைனா, "தறிகிட்டயும் நின்னுக்கினுதான் இருக்கணும், மெஷின்கிட்டயும் நின்னுக்கினுதான் இருக்கணும், இதுக்கு எதுக்குடா மூணு வருஷம்?" என்று கேட்கிறார். நம் காளஹஸ்தி, அதுதான் சுரேஷ்பாபு, அமெரிக்கா போய் இறங்கினானே, அவன் கம்பெனியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ரொட்டியைத் தின்றுகொண்டு ரூமில் படுத்திருக்கிறேன், எங்கள் வீட்டில் சொல்லிவிடாதே என்று மெயில் போட்டிருக்கிறான். பாஸான இரண்டு பேர் கதி இது. இந்தப் பாஸுக்காகவாடா நீ காணாமல் போனாய்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு முன் உன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவதென்றால் திட்டிக்கொள், ஆனால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

உன் நைனா மாதம் ஒரு முறை கடைக்கு வருகிறார். பையில் வேர்க்கடலை இருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து, கூட்டம் குறையும் வரை காத்திருந்து, "கிரணு போன் பண்ணானாப்பா?" என்பார். "பண்ணான் நைனா, நல்லாக் கீறான், வேலதான் ஜாஸ்தியாம்" என்பேன். அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வேலூர் பஸ் ஏறிவிடுவார். இப்படியே ஆறு மாதம் ஓட்டினேன். இந்த மாதம் வந்தபோதுதான் அவர் தலையைச் சரியாகப் பார்த்தேன், திடுக்கிட்டுப் போனேன். முடி பிடரியை மூடிக் கிடக்கிறது, தாடி நெஞ்சுக்கு வந்துவிட்டது. "அவன் படிச்சி முடிச்சா நானும் முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினேம்பா. சாமி கடன எத்தினி நாளு வெச்சிக்கினு இருக்கறது? ஆவணில மலைக்குப் போலாம்னு கீறேன். ஒரே ஒரு நாளு லீவு போட்டு வரச் சொல்லு. அவன் பக்கத்துல குந்திக்கினு குடுத்தாத்தான் எனக்கு நெறவு" என்றார்.

நடக்காத ஒரு காரியத்துக்காக அந்த மனிதர் சாமி எதிரில் தலையைக் குனியப் போகிறார். அதற்கு என்னையே தேதி குறித்துத் தரச் சொல்கிறார். என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

குடிபாலாவில் இறங்கி, உன் நைனா பெயரைச் சொல்லி, ரங்கையா வீடு எது என்று கேட்டேன். அங்கிருந்த பொம்பளை, "பி.எஸ்ஸி ஊடா?" என்று கை காட்டினாள். கதவில் பச்சைப் பெயிண்டில் 'R. கிரண்குமார் B.Sc.' என்று எழுதியிருக்கிறது. நீ சொல்லவே இல்லையே. நாளும் அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டா அங்கே இருந்தாய்?

நான் சொன்னதைச் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். எதைச் சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். முதலில் ரூம் கதைதான் பேசினேன், தைரியம் வருவதற்காக. இருந்த ஒரே வெள்ளைச் சட்டையை மூன்று பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வைவாவுக்குப் போனது, உன் முறை வரும்போது அது இரண்டு பேர் வேர்வையில் நனைந்திருந்தது, அப்படியும் சட்டைக்கு இஸ்திரி கேட்டு நீ அடம் பிடித்தது. மாதக் கடைசியில் அரிசி தீர்ந்தால் அலிபிரி படியேறி மலையில் இலவசச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, 'சாமி மெஸ்ஸுக்குப் போயிருந்தோம்' என்று கிளாஸில் பீற்றிக்கொண்டது. தெலுங்கு சினிமா போஸ்டரை நீ எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் நாங்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவது. உன் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "இதெல்லாம் எங்கைல சொல்லவே மாட்டாம்பா" என்றார். அப்போதே எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

அப்புறம் நம் வேண்டுதலைச் சொன்னேன். மூன்று பேரும் பாஸானால் மூன்று பேருக்கும் மொட்டை. ரிசல்ட் வந்தது, இரண்டு பேர் நம்பர்தான் இருந்தது. உனக்கு மேத்ஸும் எலக்ட்ரானிக்ஸும் போய்விட்டன. நீ அழவில்லை. "நீங்க போய் போட்டுக்கினு வாங்கடா, நான் பேக்கப் பாத்துக்கினு குந்தியிருக்கறேன்" என்றாய். அங்கேதான் என் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது. "மூணு தலன்னு வேண்டிக்கினு ரெண்டக் குடுத்தா சாமி ஒத்துக்குவாரா? எப்டியும் சப்ளிமெண்டரில பாஸாயிடப் போற. இப்பவே சாமிக்கு அட்வான்ஸ் குடுத்துடுடா" என்றேன். நீ சிரித்துவிட்டாய். காளஹஸ்தி விசில் அடித்தான். முடி இறக்குகிற இடத்தில் ஆளுக்கு அரை பிளேடு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தோம். முதலில் போனது உன் தலைதான்.

மொட்டையும் சந்தனமுமாக நீ ஊருக்குப் போனாய். நம் பக்கத்தில் பரீட்சை எழுதின பையன் மொட்டையோடு வந்து இறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், யாரும் வாயைத் திறந்து கேட்கக்கூட மாட்டார்கள். படித்த மண்டை மூன்று இருந்தது, ஒன்றுக்கும் அது தோன்றவில்லை. நீ பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே டீக்கடை பாலையா "பாஸாயிட்டான்டோய்!" என்று கத்தினாராம். நீ காலனிக்கு நடந்து போய்ச் சேருவதற்குள் சேதி போய்விட்டது. காலனியில் முதல் டிகிரி. நைனா ஒரு தட்டு மிட்டாயோடு வாசலில் நின்றார். மறுவாரம் ரூமுக்கு வந்து நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "சொல்லத்தான்டா வாயத் தொறந்தேன். அம்மா சக்கரையப் போட்டுச்சி."

அதையும் அப்படியே சொல்லித் தொலைத்தேன். அதை மட்டும் விட்டிருக்கலாம். அன்றிலிருந்து என்னையே செருப்பால் அடித்துக்கொள்கிறேன்.

பாஸானவனுக்குப் பரீட்சை ஏது? நீ புத்தகத்தை எடுத்தால், "முடிஞ்சிபோன படிப்புக்கு இன்னும் இன்னாத்துக்குடா புஸ்தகம், கண்ணு கெட்டுடும்" என்று அம்மா வாங்கி மேலே வைத்துவிடுவாராம். அது எந்தப் புத்தகம் என்று அவருக்கு இப்போதுதான் தெரியும். இன்டர்வியூ என்று பொய் சொல்லிவிட்டு வந்து சப்ளிமெண்டரி எழுதினாய். எலக்ட்ரானிக்ஸ் வந்தது, மேத்ஸ் மறுபடியும் போனது. பார்க்கிறவர்கள் எல்லாம் வேலை எப்போது, வேலை எப்போது என்று பிடுங்கியெடுக்க, பெங்களூரில் கம்பெனி வேலை என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினாய். "மார்ச்சுல வந்து மேத்ஸ எழுதிட்றேன்டா" என்று என்னிடம் சொன்னாய். நான் ஃபீஸ் கட்டி ஹால் டிக்கெட்டும் வாங்கி வைத்திருந்தேன். பரீட்சை அன்று விடியற்காலையிலிருந்து பெங்களூர் பஸ் வந்து நிற்கிற இடத்திலேயே நின்றேன். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து காலியாகிக்கொண்டே இருந்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். நைனா வளர்ந்த முடியைக் கையால் கோதிக்கொண்டே இருந்தார். முதலில் கேட்டது, "அப்ப நான் முடி குடுக்க வேணாமா?" என்பதுதான். அப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது. "பெயிலானதுக்கா போனான்? நான் மழைக்குக்கூட பள்ளிக்கொடத்துப் பக்கம் ஒதுங்கனது கெடையாது. என்ன யாரு ஊட்ட உட்டுத் தொரத்துனாங்க?" என்று கத்தினார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் கேட்டார்கள். அவர் கவலைப்படவில்லை.

கேட்டாயாடா? இதுதான் நடந்தது. யார் முகத்தில் விழிக்க முடியாது என்று நீ ஓடினாயோ, அவருக்கு நீ ஃபெயிலானது ஒரு விஷயமே இல்லை. ஒரு வருஷத்துக்கு முன் நீ சொல்லியிருந்தால் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார். கதவில் இருக்கும் எழுத்தை நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இருக்கட்டும்பா, வந்து பாக்கிய எழுதிக்குவான்" என்றார். வேண்டுதலையும் மாற்றிக்கொண்டுவிட்டார். இப்போது நீ வந்தால்தான் முடியாம்.

மறுநாளே நானும் அவரும் பெங்களூர் போனோம். மூன்று நாள் அலைந்தோம். போன இடங்களையெல்லாம் எழுத மாட்டேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம் மட்டும் அவரை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு நான் உள்ளே போய், நீ அங்கே இல்லை என்று பார்த்துவிட்டு வந்தேன். "அங்க இன்னாப்பா?" என்றார். "ஆபீஸ் நைனா" என்றேன். உண்மையைச் சொன்ன அந்த வாரத்திலேயே மறுபடியும் அவரிடம் பொய்.

நைனாவைக் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். பஸ் நிற்கிற இடம் வரை அம்மா கூடவே வந்தார். பஸ் வரும்போது கேட்டார்: "அன்னிக்கி நான் சக்கரையப் போடாம இருந்திருந்தா சொல்லியிருப்பான் இல்லப்பா?"

இல்லம்மா, இல்லம்மா என்று சத்தியம் செய்தேன். கத்தி வைக்கச் சொன்னவன் நான், என்னைத் திட்டுங்கள் என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. வீட்டிலிருந்த சக்கரை டப்பாவை எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டாராம். நைனா சக்கரை இல்லாத டீயைக் குடிக்கிறார், ஏன் என்று கேட்பதில்லை. சக்கரையால் இல்லை என்று நீ சொன்னால்தான் அந்த அம்மா நம்புவார். நான் எத்தனை தடவை சொன்னாலும் நான் யார்?

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நம்பிக்கை இல்லை. ஐந்தும் திரும்பி வந்துவிடும், இல்லாவிட்டால் எங்கேயாவது குப்பையில் கிடக்கும் என்றுதான் மனசு சொல்கிறது. ஆனாலும் ஒவ்வொரு காப்பிக்குள்ளும் ஒரு தபால் கார்டு வைத்திருக்கிறேன். உன் அம்மா பெயருக்கு, கமலம்மா, காலனி, குடிபாலா என்று முகவரி எழுதியாகிவிட்டது. வருவதற்கு மனசில்லை என்றால் வர வேண்டாம். எங்கே இருக்கிறாய் என்று சொல்ல வேண்டாம். ஏன், எதற்கு, ஒன்றும் எழுத வேண்டாம். அந்த அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே, எழுதாத கார்டும் அவருக்குக் கார்டுதான். நைனா போஸ்ட்மேனிடம் சொல்லி வைத்துவிட்டார், கார்டு வந்தால் அம்மா கொல்லியில் களை எடுத்துக்கொண்டிருந்தாலும் கூப்பிட வேண்டும் என்று.

போடுடா. ஐந்தில் ஒன்று, உன் கையால்.

இப்படிக்கு,
உன் தலையில் கத்தி வைக்கச் சொன்ன
நகரி புருஷோத்தமன்