கன்றுக்குப் போட்ட மருந்து

காவாந்தண்டலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ஆல்வினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தினமும் ஜெபம் பண்ணுகிறேன். என் வலது கையில் மாவுக்கட்டு போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை சுகிர்தா எழுதுகிறாள், ஒன்பதாவது படிக்கிறவள், என் பேச்சைத் திருத்தித் திருத்தித்தான் எழுதுவாள், ஆனால் எதையும் மறைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். போனில் சொல்லியிருந்தால் பாதியிலேயே வைத்துவிட்டுக் கோயம்புத்தூரில் பஸ் ஏறியிருப்பாய். கடைசி வரி வரைக்கும் படி, அதற்கு முன்னால் எழுந்திருக்காதே.

நம் சின்னவள் ஷீபாவுக்கு உச்சந்தலையில் முடி கொட்டி வட்டமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. புழுவெட்டு என்று நினைத்துச் சின்ன வெங்காயம் தேய்த்தேன், அது சீழ் வைத்துக் கொழகொழவென்று வீங்கிவிட்டது. நான் பால் கறக்கப் போகிற தாண்டவராயன் வீட்டுப் பிள்ளை மோகன்குமாரும் அவளோடு மூன்றாவதுதான் படிக்கிறான், அவன் தலையிலும் அதே மாதிரி வந்தது. உடனே பள்ளிக்கூடம் முழுக்க ஷீபாவிடமிருந்துதான் ஒட்டியது என்று பேச்சாகி, பிள்ளைகள் சொட்டை சொட்டை என்று கூப்பிட்டுக் கல்லால் அடித்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் நான் கறந்துகொண்டிருந்தேன், கன்று மடிக்கு வராமல் ஷீபா எப்போதும்போல அதைக் கட்டிக்கொண்டு அதன் கழுத்தில் தலையைச் சாய்த்து நின்றாள். தாண்டவராயன் வந்தான், இத்தனை வருஷம் அவர் இவர் என்றுதான் சொன்னேன், இனிமேல் என் வாயில் வராது. “உன் பொண்ணு தலையிலேர்ந்துதான் எம் புள்ளைக்கு ஒட்டிக்கினு கீது. நீ பாக்க மாட்ட, நான் பாக்கறேன்” என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னான், நானும் சும்மா பேசுகிறான் என்று இருந்துவிட்டேன். அவன் ஷீபாவை இழுத்து மாட்டுத் தொட்டியோரம் குப்புறப் போட்டு, முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டு கத்தரிக்கோலால் பொருக்கோடு சேர்த்து வெட்டினான், காதோரம் ரத்தம் வழிந்தது. டிராக்டர் கழிவு ஆயிலில் கந்தகத்தைக் குழைத்துச் சூடாக்கி வைத்திருந்ததை அந்தப் பச்சைப் புண்ணில் அப்படியே ஊற்றினான். “கன்னுக்கு இத்தான் போட்டேன், ஆறிச்சி இல்ல? கத்தாத” என்றான். அவள் போட்ட சத்தத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் பால் கேனால் ஓங்கி அடித்தேன், அவன் நெற்றி பிளந்துவிட்டது. அவன் மண்வெட்டிக் காம்பை எடுத்து என் கையை உடைத்தான், விழுந்த பிறகு ஒரு மிதி மிதித்தான்.

(அண்ணா, இது சுகிர்தா. ஒரு மிதி இல்லை. சத்தம் கேட்டு நான் ஓடிவந்தபோதும் அவர் அம்மா வயிற்றில் மிதித்துக்கொண்டேதான் இருந்தார். எதையும் மறைக்காதே என்று அம்மாதான் சொன்னார்.)

அன்றைக்கே உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம், டாக்டரம்மா இது புழு இல்லை, பூஞ்சை என்றார். வீட்டில் கன்று இருக்கிறதா என்று கேட்டார். தாண்டவராயன் கன்றுக்குக் கழுத்திலும் கண்ணைச் சுற்றியும் சாம்பல் நிறத்தில் வட்டமாக இருக்கிறது என்று சுகிர்தாதான் சொன்னாள். அதிலிருந்துதான் ஒட்டியிருக்கும், இரண்டு பிள்ளைகளும் அதைக் கொஞ்சினவர்கள்தானே, கன்றுக்கு அது சில மாதத்தில் தானாகவே ஆறும், ஆயிலால் ஆறவில்லை என்றார். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு பாலோடு விடாமல் கொடுக்க வேண்டுமாம். வெந்துபோன இடத்தில் மட்டும் இனி முடி முளைக்காதாம்.

மறுநாள் ஷீபாவுக்குக் கட்டு மாற்றப் போனபோது அங்கே பெஞ்சில் தாண்டவராயன் பெண்சாதி சசிரேகா மோகன்குமாரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையன் தலையிலும் கொப்புளம், காய்ச்சல் அனலாக அடித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளாகத்தான் பேசினாள். “அன்னிக்கி சாயந்திரமே இவனுக்கும் ஊத்துனாரு தேவயானி. நான்தான் கால புடிச்சிக்கினு இருந்தேன். கத்துனான், நான் வுடல.” ஷீபாவுக்கு நடந்ததை ஜன்னலிலிருந்து பார்த்ததாகவும் புதன்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சொல்வதாகவும் சொன்னாள். நான் புகார் கொடுத்த பிறகு, நான்தான் முதலில் அடித்ததாக அவனும் எழுதிக் கொடுத்திருக்கிறான், ஊர்க்காரர்கள் சமாதானமாகப் போகச் சொல்லி வந்து வந்து போகிறார்கள். அந்த வீட்டிலிருந்தே ஒருத்தி வாய் திறந்தால்தான் ஷீபாவுக்கு நடந்தது கேஸில் நிற்கும்.

அதனால்தான் சொல்கிறேன், நீ வராதே. உன் கூட்டாளிகள் உனக்குப் போன் பண்ணி உசுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். நீ வந்து அவன் மேல் கை வைத்தால் சசிரேகா புருஷன் பக்கம்தான் நிற்பாள், வேறு எங்கே நிற்பாள்? ஷீபா தலையை எல்லாரும் மறந்துவிட்டு உன் கையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

நீ வேலை பார்க்கிற ஃபவுண்டரியில் அடுத்தவர் தொப்பியை மாட்டாதே, சீப்பும் துண்டும் தனியாக வைத்துக்கொள், இதெல்லாம் மனுஷனுக்கு மனுஷன் ஒட்டுவதும் உண்டாம். ஷீபா பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள், திங்கட்கிழமை தலையில் துணி கட்டிச் சுகிர்தா கூட்டிப் போவாள், நானும் வாசல் வரைக்கும் போவேன்.

கர்த்தர் உன் கையையும் காலையும் கோபத்தையும் காக்கட்டும். புதன்கிழமை முடியும்வரை வேலைக்குப் போ, ராத்திரிப் பஸ் பக்கம் போகாதே. அவனை அடிக்க வேண்டிய அடியை நான் அடித்துவிட்டேன், உனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

உன்னைப் பெற்றவள்,
தேவயானி