படகுக்கு இன்னும் வண்ணம் வரவில்லை

அண்ணே,

இன்று ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் பையிலிருந்து உங்கள் கேம் பெட்டியை எடுத்தேன். நார்த்தங்காய் ஊறுகாய் வாசனை இன்னும் போகவில்லை. சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தால் வேறென்ன மணக்கும்? "சோத்துப் பையத் தொறந்து செக்யூரிட்டி பாக்க மாட்டான்" என்று ஒரு வாரம் கம்பெனிக்குள்ளேயே கொண்டுபோனீர்கள். எட்டாம் நாள் மாட்டிக்கொண்டீர்கள். அதன் பிறகு காலையில் கேட்டில் கொடுத்து டோக்கன் வாங்குவதும், மூன்று மணிக்கு அதைத் திரும்ப வாங்குவதுமாக ஆயிற்று. வாசனை மட்டும் பொத்தான்களுக்கு இடையில் தங்கிவிட்டது.

எட்டு மாதமாக இந்தப் பெட்டி என்னிடம் இருக்கிறது. திறப்பேன், பார்ப்பேன், மூடி வைப்பேன். அதற்கு மேல் எதற்கும் தெம்பு இல்லை அண்ணே. காலையில் எழும்போதே களைப்பாகத்தான் எழுகிறேன்.

நீங்கள் முதன்முதலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த நாளை நான் மறக்கவில்லை. என் வேலை உங்களுக்குத் தெரியும். லைனில் ஒருவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, ஒரு கார் சீட்டுக்கு நான்கு போல்ட் முறுக்க எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்த்து எழுதுவது. அதில் வீண் நொடி எது என்று கண்டுபிடித்து வெட்டுவது. அந்த வாரம் எட்டு நொடி வெட்டியிருந்தேன்; லைனில் எல்லோருக்கும் வேலை கூடியது. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்கள்கூட என் பக்கத்து இருக்கையில் உட்காரவில்லை. சாத்தூரிலிருந்து வந்து இத்தனை வருடத்தில் அந்த ஒரு வாரம்தான் ஊருக்கே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. மெயின்டனன்ஸ் சட்டையில் கிரீஸ் கறையோடு நீங்கள் வந்தீர்கள்.

"நகுருப்பா ஸ்டாப்வாட்சு. இன்னா, சீட்டுல முள்ளா கீது?"

அன்றிலிருந்து எனக்கு அதுவே பெயர். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னதை நீங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னீர்கள். அதனால் அது வசவாகத் தெரியவில்லை.

ஒரகடம் சிக்னல் தாண்டியதும் பெட்டியை எடுத்தீர்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதற்குள் பழைய காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று அப்படியே நடந்துகொள்கிறது என்றீர்கள். சின்ன வயதில் துபாயிலிருந்து வந்த உங்கள் மாமா அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தாராம். பார்க்க வெறும் கீபோர்டு மாதிரி இருக்குமாம். டிவியில் மாட்டி, டேப் ரெக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டால் கேம் ஏறுமாம். பாட்டுக் கேட்கிற கேசட்டில் கேமா என்று நான் நம்பவில்லை. நீங்கள் பொத்தானை அழுத்தினீர்கள். கீச்சென்று ஒரு சத்தம். திரையின் ஓரங்களில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடின. நடுவில் ஒரு படம் வரத் தொடங்கியது: ஆறு, பாறை, ஒரு படகு, துடுப்போடு ஓர் ஆள். எல்லாம் கறுப்பு வெள்ளையில், கோடு கோடாக. வண்ணம் கடைசியில்தான் வரும் என்றீர்கள். படம் முடிந்த பிறகும் கேம் வரவில்லை. சத்தம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. என் கை தானாக ஸ்டாப்வாட்சை எடுத்துவிட்டது.

"ஆறு நிமிஷம் இருபது செகண்டுண்ணே" என்றேன்.

நீங்கள் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த ஆறு நிமிடத்தில்தான் எல்லாவற்றையும் பேசினோம். பாலிடெக்னிக்கில் படிக்கும் உங்கள் மகளைப் பற்றி. படப்பையில் நீங்கள் வாங்கிய மனைக்கு இன்னும் ரோடு வராததைப் பற்றி. மாமியார் மாதிரி முறுக்கிக்கொள்ளும் மூன்றாம் நம்பர் கம்ப்ரசரைப் பற்றி. என் கல்யாணம் தள்ளிக்கொண்டே போவதை வீட்டில்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. உங்களிடம் அந்தக் கீச்சுச் சத்தத்துக்கு நடுவில் சொன்னேன். சில நாள் முக்கால்வாசி ஏறி நின்றுபோகும். மறுபடி முதலிலிருந்து போடுவீர்கள். விளையாடக் கிடைத்தது என்னவோ பத்து நிமிடம்தான். படப்பை வந்துவிடும், நீங்கள் இறங்கிவிடுவீர்கள், நான் முடிச்சூர் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போவேன்.

அப்படியே விட்டிருக்கலாம். என் கை சும்மா இருக்குமா? கிருத்திகைக்கு லீவு போட்டுவிட்டு வல்லக்கோட்டை கோயிலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், ஒரு பொத்தான் சிக்குகிறது, சுத்தம் செய்து வை என்று பெட்டியை என்னிடம் கொடுத்தீர்கள். பொத்தானைத் துடைத்துவிட்டு செட்டிங்ஸைக் குடைந்தேன். வேகமாக ஏற்றுவதற்கென்றே ஒரு வசதி இருந்தது. போட்டேன். நான்கே நொடி. நீங்கள் வேலைக்குத் திரும்பிய அன்று பெருமையாக நீட்டினேன். நீங்கள் விளையாடினீர்கள், படகு பாறையில் மோதியது. நான்கு நொடியில் மறுபடி ஏறியது, மறுபடி மோதியது. படப்பை வருவதற்குள் படகு எத்தனை முறை உடைந்ததோ. இறங்கும்போதுதான் வாயைத் திறந்தீர்கள்.

"நல்லாத்தான் கீதுப்பா. ஆனா இன்னிக்கு நாம ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசிக்கலயே."

அடுத்த நாள் அதைப் பழையபடி மாற்றிவிட்டு வந்தீர்கள். "உன் வேலைய லைனோட வச்சிக்கோ" என்று என் தலையில் ஒரு தட்டும் தட்டினீர்கள்.

வேலையை லைனோடும் நான் வைத்துக்கொள்ளவில்லை. அந்த மாதமே மெயின்டனன்ஸைப் பார்க்கச் சொன்னார்கள். மூன்று நாள் உங்கள் செக்‌ஷனில் வாட்சோடு நின்றேன். மெஷின் ஓடுகிற நேரத்தில் நீங்கள் மூன்று பேரும் ஸ்டூலில் உட்கார்ந்து அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சத்தம் மாறினால் எழுந்து போவீர்கள். அந்த உட்கார்ந்திருக்கும் நேரத்தை எல்லாம் 'காத்திருப்பு, வீண்' என்று எழுதினேன். எங்கள் தாளில் களைப்புக்கு என்று ஒரு கட்டம் உண்டு. அதில் கொஞ்சம் நேரம் கூட்டிக் கொடுக்கலாம். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். இரண்டு பேர் போதும் என்று முடிவு வந்தது. மூன்றாவது ஆளை வேறு பிளான்ட்டுக்கு அனுப்பினார்கள். கீழே இருந்த கையெழுத்து என்னுடையது. அது உங்களுக்குத் தெரியும்.

அன்றும் வந்து என் பக்கத்தில்தான் உட்கார்ந்தீர்கள். திட்டியிருந்தால் தேவலை.

கடைசி நாள். அதற்கு முந்தின மூன்று நாளும் எனக்குத் தொடர்ந்து ஓ.டி. பஸ்ஸில் ஏறும்போதே கண் சொருகியது. உங்களுக்கும் முகம் வெளிறித்தான் இருந்தது. நான் பார்த்தேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். பெட்டி கீச்சிடத் தொடங்கியது.

"உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்பா" என்றீர்கள்.

"கேளுங்கண்ணே" என்றேன், கண்ணைத் திறக்காமல்.

"செரி, தூங்கு. கேமு ஏறினதும் எழுப்பறேன்."

முடிச்சூரில் டிரைவர்தான் என்னை எழுப்பினார். உங்கள் இருக்கை காலி. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று இறங்கிப் போனேன். மறுநாள் காலை படப்பை நிறுத்தத்தில் நீங்கள் இல்லை. டீ டைமில் செய்தி வந்தது. நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது உங்கள் வீட்டுக்கார அக்கா இந்தப் பெட்டியை என் கையில் கொடுத்தார். "நாலு நாளா 'அவனாண்ட பேசணும், அவனாண்ட பேசணும்'னு சொல்லிகினே இருந்தாரு தம்பி. இன்னா பேசினாரு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான்" என்றேன். அந்தப் பொய்யை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். கேமைப் பாதியில் அப்படியே உறைய வைக்கும் வசதியைப் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறீர்கள். ஒருமுறை ஏறாமல் நின்று, மறுபடி போட்டிருப்பீர்கள் போல. ஆறு வந்திருக்கிறது, பாறை வந்திருக்கிறது, படகும் ஆளும் வந்தாயிற்று. வண்ணம் வரவில்லை. எட்டு மாதமாக அதை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நீங்கள் என்ன கேட்க வந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது ஆளைத் திருப்பிக் கொடு என்று இருக்கலாம். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, எந்த டாக்டரிடம் போகலாம் என்று இருக்கலாம். எதுவாக இருந்தாலும் நான் முழித்திருந்து கேட்டிருக்க வேண்டும்.

இன்று காலை உங்கள் செக்‌ஷனுக்குப் புதிதாக ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். மூன்று பேர் வேண்டும் என்று. களைப்புக் கட்டத்தையும் நிரப்பியிருக்கிறேன். மேனேஜர் ஒருமுறை புரட்டினார். "இன்னாப்பா, குறைக்கச் சொன்னா கூட்டிகினு வர்றே?" என்று சொல்லி டிராயரில் போட்டார். டிராயரில் போனது எப்போது வெளியே வரும் என்று உங்களுக்கே தெரியும். நாளைக்கும் போய்க் கேட்பேன். நாளை மறுநாளும்.

அதைக் கொடுத்த தைரியத்தில்தான் இன்று பெட்டியைத் திறந்ததோடு நிற்கவில்லை. ஒரகடம் சிக்னல் தாண்டி, படப்பைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பொத்தானை அழுத்தினேன். வேகமாக ஏற்றும் வசதியைத் தொடவில்லை. கீச்சுச் சத்தம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆற்றுக்கு நீலம் வந்தது. படகுக்குச் சிவப்பு வந்தது. பிறகு வெறும் சத்தம், நெடுநேரம். ஸ்டாப்வாட்ச் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. கண் எரிந்தது, சொருகியது, மூடவில்லை. படப்பை நிறுத்தத்தில் பஸ் நின்றது. உங்கள் பக்கத்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது சத்தம் நின்றுபோனது.

ஏறிருச்சுண்ணே. நான் முழிச்சுதான் இருக்கேன். கேளுங்க.