அப்பா கிள்ளிய சூரியகாந்தி

தோவாளை
14-8-1954

அன்பு மகன் நேசையனுக்கு அம்மா செல்லபாய் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், குன்னூர்க் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், கம்பளியை மடித்து வைத்து அழகு பார்க்காதே. அப்பாவுக்குக் கை விழுந்துபோயிற்று, பூந்தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை, வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, யார் உன்னைக் கேட்டது? முதலில் நான் சொல்வதைக் கேள்.

நீ அனுப்பிய சூரியகாந்தி விதை பன்னிரண்டும் முளைத்தன. ஒரு தண்டுக்கு ஒரே பூ, தட்டு மாதிரி வரும், யாரும் தொடக்கூடாது என்று எழுதியிருந்தாய். நானும் தொடவில்லை. முழங்கால் உயரம் வந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் பதினொன்றுக்குத் தலையைக் காணோம், துவைகல்லுக்குப் பின்னால் நின்றது மட்டும் தப்பியது. அப்பாவின் வேலை. கண்ணு அவிஞ்சா போச்சு, மகன் ஆசையா அனுப்புனதுல்லா என்று ஊர் கேட்கக் கத்தினேன். செவ்வந்தி போட்டவனுக்கு நீ சொல்லித் தரவேண்டாம், கொழுந்தக் கிள்ளுனாத்தான் பக்கத்துல வெடிக்கும், சும்மா கெட என்றார்கள் அப்பா. இன்னும் கத்தப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன் மக்கா. வலக்கைப் பெருவிரல் நகத்தில் பச்சைச் சாறு ஒட்டியிருந்தது. தை மாதத்திலிருந்து பிலாவிலைக் கரண்டி பிடித்துக் கஞ்சி கோரிக் குடிக்க முடியாத கை, இனி எழும்பாது என்று வைத்தியர் விட்ட கை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

செடி என்ன ஆயிற்று என்று கேட்பாய். பத்து நாளில் இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் எல்லாம் முளை எட்டிப் பார்த்தது. மேலே உள்ளவை முந்திக்கொண்டு கிளையாகிவிட்டன, அடியில் உள்ளவை இன்னும் உறங்குகின்றன. இப்போது செடிக்கு நாலைந்து பூ, உள்ளங்கை அகலம்தான். தலை தப்பியது ஒற்றைப் பூவோடு பெரிய மனுஷன் மாதிரி நிற்கிறது, அது உன் பங்கு. ஆரல்வாய்மொழிக் காற்றுக்குப் பக்கக் கிளை கணுவோடு பிய்ந்துபோகும் என்று அப்பா விடிந்ததும் வாழைநாரோடு இறங்கிவிடுகிறார்கள். முடிச்சு அவிழ்ந்து அவிழ்ந்து போகிறது, உதவிக்குப் போனால் எனக்கு ஏச்சு. நானும் போவதில்லை.

ஆகையால் நீ வரவேண்டாம், கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தால் போதும். கர்த்தர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் நடத்துவார். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. நான் சொன்னால் மனசு தேற்றுகிறேன் என்பாய், அதனால் என் பெயருக்குக் கீழே கோணிக்கிடக்கும் எழுத்தைப் பார். அரை மணி நேரம் எடுத்தது. நான் கையைப் பிடித்துக் கொடுக்கவில்லை.

இப்படிக்கு உன் அம்மா,
செல்லபாய்

வேலைய விடாத.
அப்பா ஜான்ரோஸ்