கடைசி வண்டிக்கு ஒரு கோல்

1970 ஜனவரி 21

வண்டி எண்ணுவதற்கு ஓவர்சியர் சாமா கொடுத்த நோட்டு. முன்பக்கம் அவர் கணக்கு, பின்பக்கம் என் கதை.

வெள்ளத்தில் பாதி போன பாலம். ஒரு வண்டி அகலம்தான் மிச்சம். சாமா ஒரு வழி சொன்னார்: பத்துப் பத்தாக விடு, பத்தாவது வண்டிக்காரன் கையில் சிவப்புக் கோலைக் கொடு. கோல் அக்கரை சேர்ந்தால்தான் அங்கிருந்து பத்து. இக்கரையில் நான், அக்கரையில் எல்லையம்மாள். சேரிப் பெண், புருஷன் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சங்கக் கொடி பிடிக்கிறவன்.

"கலெக்டரம்மா, செங்கோல் பத்திரம்" என்றேன்.

"ஒங்க வாய்க்குத்தான் ஒரு கோலு போடணும் தாத்தா."

ஜனவரி 24

ஒரு மணி நேரம் நின்ற வண்டியெல்லாம் இப்போது பத்தே நிமிஷம். சாயங்காலம் பாலத்தில் நடந்துபோய்க் கோலை அவள் கையில் கொடுப்பேன். "ஆபீஸ் மூடியாச்சு, போங்க" என்று விரட்டுவாள்.

ஜனவரி 28

மிராசுதார் கார் அக்கரையில் பத்தாவதாக மாட்டிக்கொண்டது. அவள் கோலை நீட்டினாள். உள்ளேயிருந்து அவர், "கீழ போடச் சொல்லு, எடுத்துக்க" என்றாராம் டிரைவரிடம்.

"கையில வாங்குங்க. மத்தவங்க வாங்கலியா?"

இரண்டு கரையிலும் வண்டிகள் நின்றுபோயின. நான் ஓடினேன். "போட்டுத் தொலையேன்மா" என்று ஆளாளுக்குக் கத்தல். அவள் என்னைப் பார்த்தாள். ஊரையே கிண்டல் பண்ணுற என் வாயி — தொறக்கலியே! எனக்கென்ன பயம்? அந்த ஆளு நெலத்துல குத்தகைகூட இல்ல எனக்கு.

கடைசியில் பின்னால் நின்ற கட்டை வண்டிக்காரன் கோலை வாங்கிக்கொண்டு பதினொன்றாவதாக வந்தான்.

ஜனவரி 30

"யாரோடயும் சண்டை வேண்டாம் நீலமேகம். வண்டி நிக்கப்படாது, அவ்வளவுதான்" என்றார் சாமா. அவள் பக்கம் ஒரு கம்பம் நட்டு, அதில் கொக்கி வைத்தார். அவள் மாட்ட வேண்டும், டிரைவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மிராசு கார் இன்று நிற்கவே இல்லை; போகிற போக்கில் டிரைவர் கோலை உருவிக்கொண்டான்.

பிப்ரவரி 3

ஒரு காருக்காக வந்த கொக்கி. போன வாரம் அவள் கையில் வாங்கிய பஸ் டிரைவரும் இப்போது அதிலிருந்துதான் எடுக்கிறான், தேங்காய் லாரிக்காரனும் அப்படியே. ஏண்டா என்றால், "வசதியா இருக்கே பெருசு!"

வண்டி நிற்பது இப்போது எட்டே நிமிஷம். முன்பக்கத்தில் எழுதச் சொன்னார் சாமா. எழுதினேன்.

பிப்ரவரி 6

சாயங்காலம் ஏதோ நினைப்பில் கோலை மாட்டிவிட்டுத் திரும்பினேன். பாதிப் பாலம் வந்த பிறகுதான் உறைத்தது. கொக்கியிலயா மாட்டுனேன்? நானா?

திரும்பிப் பார்த்தேன். அவள் கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிப்ரவரி 7

இன்று கோலை நேராக நீட்டினேன். "கலெக்டரம்மா, வாங்கிக்கணும்."

"கொக்கியில மாட்டுங்க தாத்தா" என்றாள்.

மாட்டினேன்.